காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்துவது எப்படி? வயரிங் முதல் கெயின் வரை

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பெட்டியிலிருந்து எடுத்து, பச்சை நிற ஜாக்கில் செருகி, ப்ளக்கைச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது. தவறாகச் செருகினாலும் பெரிய ஆபத்து இல்லை. பாட்டு வராது, அவ்வளவுதான். ஆனால் காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்துவது அப்படிப்பட்ட வேலை அல்ல. வெறும் 12 வோல்ட்தானே என்று நினைத்து ஒரு சிறிய பொருளை விட்டுவிட்டால், காரே தீப்பிடித்துக் கொள்ளலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் காரில் ஒரு கடையில் ஆம்ப்ளிஃபையர் பொருத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. குடும்பத்துடன் திண்டிவனம் தாண்டிப் போய்க் கொண்டிருந்தோம். பின் சீட்டில் அம்மாவும் அக்கா மகளும். சாலையில் ஒரு மேடு வந்தபோது ஹெட்லைட் ஒரு கணம் மங்கியது. பாட்டு நின்று, உடனே திரும்ப வந்தது. அடுத்த மேட்டிலும் அப்படியே. பிறகு ரப்பர் கருகும் வாசனை. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் சிவப்பு வயர், தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே நுழையும் இடத்தில் உரசி உரசித் தோல் தேய்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு உருகிக் கறுத்திருந்தது. கையில் இருந்த ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். பிறகுதான் மூச்சு வந்தது.

அப்போது ஃபியூஸ் என்ன செய்து கொண்டிருந்தது? டிக்கியில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில், சேதம் எதுவும் இல்லாமல் பத்திரமாக இருந்தது! இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டாலே இந்தக் கட்டுரையில் பாதியைப் படித்தது போல. அதன் பிறகு வயர் முழுவதையும் பிடுங்கிவிட்டு, நானே மீண்டும் பொருத்தினேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகப் பார்க்கலாம்.

ஆம்ப்ளிஃபையர் ஏன் தேவை?

காரில் உள்ள ஸ்டீரியோவிலேயே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பெட்டியில் "50 வாட் x 4" என்று எழுதியிருந்தாலும், 12 வோல்ட்டை நேரடியாகப் பயன்படுத்தும் அந்தச் சிப்பால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் தொடர்ச்சியாக 20 வாட் அளவுதான் தர முடியும். வால்யூமைக் கூட்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டப்பட்டு கரகரப்பு வருவது இதனால்தான். தனி ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு ஸ்விட்சிங் பவர் சப்ளை இருக்கிறது. நம் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். போலத்தான். ஆனால் அது வோல்டேஜைக் குறைக்கிறது, இது 12 வோல்ட்டை அதற்கு மேல் உயர்த்துகிறது. எனவே அதிக பவர் கிடைக்கிறது.

எவ்வளவு பவர் உண்மை?

பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று அச்சடித்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? கார் ஆம்ப்ளிஃபையர்களிலும் அதே கதைதான். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே. சி.இ.ஏ-2006 என்ற முத்திரை இருந்தால், 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 சதவீதத்துக்கு மேற்படாத சிதைவுடன் அளந்த பவர் என்று பொருள். அந்த எண்ணை நம்பலாம்.

முத்திரை இல்லையென்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் என்று இருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது காரில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 25 x 13.8 = 345 வாட். உள்ளே போவதே 345 வாட் என்றால், வெளியே 1000 வாட் எங்கிருந்து வரும்? கிளாஸ் ஏ.பி. வகையில் உள்ளே போவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஒலியாக வெளியேறும். மீதி வெப்பம். ஆக இதன் உண்மையான பவர் சுமார் 200 வாட். அதாவது நான்கு சேனலுக்கும் தலா 50 வாட். கிளாஸ் டி வகையில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேலும் கிடைக்கும். எனவே அவை குறைவாகச் சூடாகின்றன, அளவிலும் சிறியவை.

வயர் எவ்வளவு தடிமன்?

மேலே சொன்ன 4 x 50 வாட் ஆம்ப்ளிஃபையரையே எடுத்துக்கொள்வோம்.

மொத்த ஒலி பவர்: 200 வாட்
உள்ளே தேவைப்படும் பவர்: 200 / 0.6 = 333 வாட்
கரண்ட்: 333 / 13.8 = 24 ஆம்பியர்

இது உச்ச அளவு. பாட்டு எப்போதும் ஒரே சீராக முழு பவரில் ஓடுவதில்லை. என்றாலும் வயரை உச்ச அளவுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து போக சுமார் 5 மீட்டர் வயர் தேவைப்படும். 24 ஆம்பியர் ஓடும்போது, செம்பு வயரில் இழக்கும் வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள்.

4 சதுர மி.மீ. (வீட்டு வயரிங்கில் ஏ.சி.க்குப் போடுவது): 0.52 வோல்ட்
8.4 சதுர மி.மீ. (8 கேஜ்): 0.25 வோல்ட்
21 சதுர மி.மீ. (4 கேஜ்): 0.10 வோல்ட்

வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. இந்த ஆம்ப்ளிஃபையருக்கு 8 கேஜ் போதும். பின்னால் சப்வூஃபருக்கும் ஒன்று சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 கேஜ் போட்டுவிடுங்கள். இருமுறை சீட்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

கவனிக்க: கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். இன்னொன்று, விலை குறைவான வயரிங் கிட்களில் வருவது பெரும்பாலும் சி.சி.ஏ. எனப்படும் வயர். அதாவது மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை உடையது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அதைத்தான் வாங்க வேண்டியிருந்தால் ஒரு படி தடிமனான வயராக வாங்குங்கள். தோல் மட்டும் தடிமனாக, உள்ளே செம்பு குறைவாக இருக்கும் வயர்களும் உண்டு. நறுக்கிய முனையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஃபியூஸ் யாருக்காக?

பெரும்பாலோர் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவதற்கு என்று நினைக்கிறார்கள். இல்லை. ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொள்ள அதிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. மெயின் ஃபியூஸ் வயருக்காக, அதாவது காரில் உட்கார்ந்திருக்கும் நமக்காக.

காரின் உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ். பாசிட்டிவ் வயர் எங்கே தோல் தேய்ந்து தகரத்தைத் தொட்டாலும் அது ஷார்ட் சர்க்யூட். கார் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு என்பதால் சில நூறு ஆம்பியர் பாயும். 8 கேஜ் வயரில் 500 ஆம்பியர் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 வாட் வெப்பம் உண்டாகும். இஸ்திரிப் பெட்டியின் கம்பியை எடுத்து உங்கள் கார் கார்ப்பெட்டுக்கு அடியில் விரித்தது போல!

இப்போது யோசியுங்கள். ஃபியூஸ் டிக்கியில் இருந்து, ஷார்ட் முன்னால் நடந்தால் அந்தக் கரண்ட் ஃபியூஸ் வழியாகப் போகவே போகாது. எனவே அது எரியாது. என் காரில் நடந்தது அதுதான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே அந்தத் தூரம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒன்றரை அடிக்குள் என்பது பொதுவான விதி. நான் ஒரு சாணில் வைத்திருக்கிறேன்.

ஃபியூஸின் அளவு வயர் தாங்கும் கரண்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நமது உதாரணத்துக்கு 8 கேஜ் வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 80 ஆம்பியர் போடுவதும், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் ஒன்றுதான்.

வாங்க வேண்டியவை

1. பாசிட்டிவ் வயர், அதே தடிமனில் எர்த்துக்கு ஒரு மீட்டர் வயர்
2. தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர், ஃபியூஸ் இரண்டு
3. ஆர்.சி.ஏ. கேபிள், 5 மீட்டர்
4. ரிமோட் வயர் (மெல்லிய வயர் போதும்)
5. ஸ்பீக்கர் வயர், 16 கேஜ்
6. செம்பு லக்குகள், ரப்பர் கிராமெட், கறுப்பு ஃபிளெக்ஸிபிள் குழாய், கேபிள் டை
7. மல்டிமீட்டர். சாதாரணமானது போதும். ஆனால் இது இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை

செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால், காரில் மாட்டும் முன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் போதும். அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும். அது 16-வது பின். அதைப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு வயருடன் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓடத் தொடங்கும். மஞ்சள் வயர்கள் 12 வோல்ட். மூன்று நான்கு மஞ்சள் வயர்களை ஒன்றாகச் சேர்த்து ஆம்ப்ளிஃபையரின் பாசிட்டிவுக்கும், அதே எண்ணிக்கையில் கறுப்பு வயர்களை எர்த்துக்கும் கொடுங்கள். பாசிட்டிவிலிருந்து ஒரு சிறிய வயரை ரிமோட் டெர்மினலுக்குக் கொடுங்கள். மொபைல் அல்லது கம்ப்யூட்டரிலிருந்து 3.5 மி.மீ. டு ஆர்.சி.ஏ. கேபிள் மூலம் பாட்டு கொடுத்து, குறைந்த வால்யூமில் கேட்டுப் பார்க்கலாம்.

சில நேரம் போட்டவுடன் எஸ்.எம்.பி.எஸ். அணைந்துவிடும். ஆம்ப்ளிஃபையரில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும்போது இழுக்கும் கரண்ட் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது 230 வோல்ட்.

படிப்படியாகப் பொருத்துவோம்

படி 1: பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ்தான். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தகரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. உங்கள் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும் வகை என்றால் அதை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஃபயர்வாலைக் கடப்பது. ஃபயர்வால் என்றதும் நமக்குக் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவர்தான் இங்கே ஃபயர்வால். அதில் கார் கம்பெனி வயர்கள் போவதற்கு ஏற்கெனவே ரப்பர் கிராமெட் போட்ட ஓட்டை இருக்கும். அதே ரப்பரில் சிறிதாகக் கீறி உங்கள் வயரை நுழையுங்கள். புதிதாக ஓட்டை போட நேர்ந்தால், மறுபக்கம் பிரேக் குழாயோ வயரோ இல்லை என்று பார்த்த பிறகே போடுங்கள். ஓட்டையில் கிராமெட் கட்டாயம். வெறும் தகர விளிம்பு ஒரு பிளேடு. ஒவ்வொரு அதிர்விலும் அது வயரை அறுத்துக் கொண்டே இருக்கும். இன்சுலேஷன் டேப் கிராமெட்டுக்கு மாற்று அல்ல. எஞ்சின் சூட்டில் அதன் பசை இளகிவிடும். எஞ்சின் பக்கம் உள்ள வயர் முழுவதையும் ஃபிளெக்ஸிபிள் குழாய்க்குள் விட்டு, சைலன்சரின் சூடான பகுதியிலிருந்தும் ஃபேனிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள்.

படி 3: வயர்களை உள்ளே கொண்டு போவது. கதவோரம் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கினால் வயர் போக வழி தெரியும். பாசிட்டிவ் வயரை ஒரு பக்கமும், ஆர்.சி.ஏ. கேபிளை மறு பக்கமும் கொண்டு செல்லுங்கள். ஆர்.சி.ஏ.யில் ஓடுவது ஓரிரு வோல்ட் சிக்னல். அதிகக் கரண்ட் ஓடும் வயரை ஒட்டிப் போனால் இரைச்சலை வாங்கிக் கொள்ளும். சீட் நகரும் தண்டவாளத்தில் எந்த வயரும் மாட்டாமல் பாருங்கள். மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கனெக்டர் உள்ள வயர்களைப் பார்த்தால் தொடாதீர்கள். அவை ஏர்பேக் வயர்கள்.

படி 4: எர்த். இதுதான் எல்லோரும் அலட்சியப்படுத்தும் இடம். போகிற கரண்ட் அத்தனையும் திரும்ப வர வேண்டுமே! எனவே எர்த் வயரும் பாசிட்டிவின் அதே தடிமனில் இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டருக்குள் முடிய வேண்டும். காரின் உடலோடு வெல்டிங் செய்யப்பட்ட தடிமனான தகரத்தில் ஒரு போல்ட் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உப்புத் தாளால் பெயிண்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் வரை தேயுங்கள். லக் போட்டு, பல் வாஷருடன் இறுக்குங்கள். பிறகு மேலே சிறிது கிரீஸ் அல்லது பெயிண்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அது உயிர் காக்கும் போல்ட். இடையில் லக்கும் வாஷரும் வைத்து அதன் பிடிமானத்தைக் கெடுக்க வேண்டாம்.

படி 5: ரிமோட் வயர். ஸ்டீரியோ ஆன் ஆகும்போது ஆம்ப்ளிஃபையரையும் எழுப்பும் வயர் இது. தனியாக வாங்கும் ஸ்டீரியோக்களில் வழக்கமான நிறங்கள் இவை.

மஞ்சள்: எப்போதும் இருக்கும் 12 வோல்ட்
சிவப்பு: சாவி போட்டால் வரும் 12 வோல்ட்
கறுப்பு: எர்த்
நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆம்ப்ளிஃபையர் ரிமோட்
வெள்ளை, சாம்பல்: முன் இடது, முன் வலது ஸ்பீக்கர்
பச்சை, ஊதா: பின் இடது, பின் வலது ஸ்பீக்கர் (கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்)

கம்ப்யூட்டர் பழக்கத்தில் சிவப்பை 5 வோல்ட் என்று எண்ணிவிடாதீர்கள். காரோடு வரும் கம்பெனி வயரிங்கில் நிறங்கள் மாறும். அங்கே மல்டிமீட்டர் சொல்வதுதான் வேதம். ரிமோட்டை மஞ்சள் வயரில் இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் தூங்கவே தூங்காது. சும்மா இருக்கும்போது 1 ஆம்பியர் எடுத்தாலும், சிறிய காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை நாளில் காலி. திங்கட்கிழமை காலையில் காரைத் தள்ள வேண்டியதுதான்.

படி 6: ஸ்பீக்கர்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் இணைக்கவும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் உடையாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. ஸ்பீக்கரின் மைனஸை எர்த்துடன் சேர்க்கக் கூடாது.

ஓம் கணக்கும் முக்கியம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக இணைத்தால் 2 ஓம். தொடராக இணைத்தால் 8 ஓம். இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து ஒரு சப்வூஃபரை ஓட்டும்போது, ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். 4 ஓம் சப்வூஃபர் 2 ஓம் போலத் தெரியும். ஆகவேதான் பல ஆம்ப்ளிஃபையர்களில் பிரிட்ஜுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கும்.

படி 7: கடைசியில் ஃபியூஸ். ஃபியூஸைப் போடும் முன், ஆம்ப்ளிஃபையர் முனையில் பாசிட்டிவ் வயரைக் கழற்றி வைத்து, அதற்கும் காரின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ ஷார்ட். வராவிட்டால் வயரை இணைத்து, பேட்டரியின் நெகட்டிவை மாட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஃபியூஸைச் செருகுங்கள். செருகும்போது ஒரு சிறு பொறி வரலாம். அது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவது. பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் உதவியுடன் கெயின்

ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயின் திருகு வால்யூம் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதற்கானது. இதைக் கடைசி வரை திருகி வைப்பதால்தான் பல ஸ்பீக்கர்கள் எரிகின்றன. சரியாக வைக்க நம் கம்ப்யூட்டர் உதவும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்.

1. ஆடாசிட்டியைத் திறந்து ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யவும். வேவ்ஃபார்ம் சைன், ஆம்ப்ளிட்யூட் 1, நேரம் 60 விநாடி. சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், மற்ற ஸ்பீக்கர்களுக்கு 400 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஃபைல்களை உருவாக்கி, வேவ் ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் ஏற்றவும். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாக அளக்கும். எனவேதான் 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம் என்கிறேன்.

2. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றவும். பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைக்கவும். கெயினைக் குறைந்தபட்சத்தில் வைக்கவும்.

3. எஞ்சினை ஓடவிட்டு, டோனை ஒலிக்கவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வைக்கவும். எஞ்சின் ஓடுவதால் இதைத் திறந்த வெளியில் செய்யவும். மூடிய கராஜில் வேண்டாம்.

4. வேண்டிய வோல்டேஜைக் கணக்கிடவும். வாட்டையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 50 வாட், 4 ஓம் என்றால் 200-இன் வர்க்கமூலம், 14.1 வோல்ட். 250 வாட் சப்வூஃபர் என்றால் 31.6 வோல்ட். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் இரண்டில் எதன் ஆர்.எம்.எஸ். குறைவோ அந்த வாட்டை எடுத்துக்கொள்ளவும்.

5. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்து, அந்த எண் வரும் வரை கெயினை மெதுவாகத் திருகவும். வந்ததும் நிறுத்தவும்.

பிறகு ஸ்பீக்கர்களை இணைத்து, முன் ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். காதுக்கு ஏற்றபடி சிறிது மாற்றிக் கொள்ளலாம்.

விசில் சத்தம் வருகிறதா?

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது விசில் சத்தமும் ஏறி இறங்குகிறதா? ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது அது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஆர்.சி.ஏ.யைக் கழற்றி, மீண்டும் ஆன் செய்து பாருங்கள். விசில் நின்றால் அது ஆர்.சி.ஏ. வழியாக வருகிறது. ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எர்த் வோல்டேஜ் வித்தியாசம் இருப்பதே பெரும்பாலும் காரணம். இதை அளந்தே பார்க்கலாம். எஞ்சின் ஓட, பாட்டு உரக்க ஒலிக்க, ஆம்ப்ளிஃபையரின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி மீண்டும் சுரண்டுங்கள். ஃபில்டர் வாங்கும் முன் உப்புத் தாளை எடுங்கள்!

புதிய கார்களில் கூடுதல் கவனம்

இப்போது வரும் பல கார்களில் டச் ஸ்கிரீன் காரோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. அதை மாற்றாமலே, ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம். சில கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். அதில் வயரைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் கணக்கு தவறிவிடும். எர்த்தைக் காரின் உடலில்தான் எடுக்க வேண்டும். எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போக வேண்டாம். அவற்றில் சில நூறு வோல்ட் இருக்கும். வாரன்ட்டி பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரின் மதிப்பை இன்ஷ்யூரன்ஸ் பாலிசியில் எலெக்ட்ரிகல் அக்சஸரீஸ் என்று சேர்க்கவும் மறவாதீர்கள்.

கடையில்தான் பொருத்துவேன் என்கிறீர்களா? தாராளமாக. ஆனால் வேலை முடிந்ததும் மூன்றே மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ். இரண்டு, ஃபயர்வாலில் கிராமெட். மூன்று, பெயிண்ட் சுரண்டிய எர்த். மூன்றும் சேர்ந்து ஒரு டேங்க் பெட்ரோல் விலைகூட ஆகாது. அன்று எங்கள் பயணத்தில் இன்னொரு மேடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பானெட்டைத் திறந்து, உங்கள் சிவப்பு வயரை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.